குமரிக்குத் தெற்கே என்ன இருந்தது? குமரிக்கண்டம், லெமூரியா பற்றி ஓர் எளிய விளக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலைப் பற்றி இரண்டு பழங்கதைகள் உண்டு. இரண்டிலும் ஒருவர் கடலை நோக்கி ஆயுதம் வீசுகிறார். மலையாள மரபில் பரசுராமர் மழுவை வீச, கடல் பின்வாங்கிக் கோகர்ணம் முதல் குமரி வரை நிலம் கொடுக்கிறது. தமிழ் மரபில் பாண்டியன் வேலை எறிய, கடல் சினந்து அவன் நிலத்தை எடுத்துக்கொள்கிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மாவட்டம் என்பதால் இரண்டையும் இங்கே ஒரே தெருவில் கேட்கலாம்.

இரண்டாவது கதைதான் இன்று குமரிக்கண்டமாக வளர்ந்து நிற்கிறது. குமரி முனையிலிருந்து மடகாஸ்கர், ஆஸ்திரேலியா வரை ஒரு பெருங்கண்டம் இருந்தது, உலகின் முதல் மனிதன் அங்கேதான் தோன்றினான், அதற்கு லெமூரியா என்றும் ஒரு பெயர் உண்டு, அறிவியலே இதை ஒப்புக்கொண்டுவிட்டது என்று வரைபடத்தோடு வாட்ஸ்அப்பில் வரும். பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். முனைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளும் கேட்கிறார்கள். "உண்மையா, பொய்யா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் இதற்குள் மூன்று கதைகள் பிணைந்து கிடக்கின்றன. ஒன்று நம் பழைய பாட்டுகளில் இருப்பது. இன்னொன்று லண்டனில் ஒரு விலங்கியலாளர் போட்ட ஊகம். மூன்றாவது, மறைஞானம், அதாவது சிலருக்கு மட்டுமே தெரிந்த ரகசிய ஞானம், பேசியவர்கள் சொன்ன மனித குல வரலாறு. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பாட்டுகளில் இருப்பது

முதலில் நம்முடையதைப் பார்ப்போம். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்குப் போகும் வழியில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மாங்காட்டு மறையோன் ஒருவனைச் சந்திக்கிறார்கள். அவன் பாண்டியனை வாழ்த்துகிறான்:

"வடிவேல் எறிந்த வான்பகை பொறாது
பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக்
குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள
வடதிசைக் கங்கையும் இமயமும் கொண்டு
தென்திசை யாண்ட தென்னவன் வாழி"

பஃறுளி என்ற ஆறும், மலைகளும், குமரிக்கோடும் கடலுக்குள் போயின என்பது இதில் இருக்கிறது. கண்டம் என்ற பேச்சு இல்லை. மனிதன் அங்கே தோன்றினான் என்பதும் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இழந்த நிலத்துக்கு ஈடாகப் பாண்டியன் கங்கையையும் இமயத்தையும் கொண்டான் என்று அதே மூச்சில் வருகிறது. பாண்டியர் இமயம் வரை ஆண்டதாக யாரும் வரலாறு எழுதுவதில்லை, அதை வாழ்த்துப் பாட்டின் உயர்வு நவிற்சி என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். அப்படியிருக்க, முந்தைய வரிகளை மட்டும் நில அளவைப் பதிவேடு போலப் படிப்பது நியாயமாகாது.

ஆனாலும் அந்த வரிகளைத் தள்ளிவிட முடியாது. கலித்தொகையின் 104ஆம் பாட்டும் பாண்டியன் மண்ணைக் கடல் வௌவியதைச் சொல்கிறது. அவன் தளராமல் பகைவர் நாட்டைப் பிடித்து இழப்பை ஈடுசெய்தான் என்கிறது. புறநானூற்றின் 9ஆம் பாட்டில் நெட்டிமையார், முதுகுடுமிப் பெருவழுதியைப் பஃறுளியாற்று மணலைவிடப் பல ஆண்டுகள் வாழ்க என்று வாழ்த்துகிறார். வெவ்வேறு புலவர்கள், வெவ்வேறு காலம். புறநானூறு பஃறுளியைச் சொல்கிறதே தவிர அது மூழ்கியதாகச் சொல்லவில்லை. ஆனால் பாண்டியனின் நிலம் கடலில் போனது என்பதில் மற்ற இரண்டும் ஒத்துப்போகின்றன. இதை ஒரு நினைவு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். எதன் நினைவு, எவ்வளவு நிலம் என்பதுதான் கேள்வி.

அளவு பெரிதாவது உரைகளில்தான். சுமார் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இறையனார் அகப்பொருள் உரை மூன்று சங்கங்களின் கதையைச் சொல்கிறது. முதற்சங்கம் கடல்கொண்ட மதுரையில் 4440 ஆண்டுகள், இடைச்சங்கம் கபாடபுரத்தில் 3700 ஆண்டுகள், கடைச்சங்கம் இன்றைய மதுரையில் 1850 ஆண்டுகள். மூன்று எண்களையும் 37ஆல் வகுத்துப் பாருங்கள். 120, 100, 50 என்று மீதியில்லாமல் வரும். ஆண்டுக் கணக்கு வைத்து எழுதியிருந்தால் இப்படி அமைந்திருக்காது.

சிலப்பதிகாரத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் உரை எழுதிய அடியார்க்கு நல்லார் இன்னும் மேலே போகிறார். பஃறுளிக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவதம் நிலம், அதில் ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்குறும்பனை நாடு என்று ஏழேழாக 49 நாடுகள். காவதத்தைக் காதம் என்று கொண்டு, வழக்கமாகச் சொல்வதுபோல ஒரு காதத்துக்குப் பத்து மைல் போட்டால் 7000 மைல் வருகிறது. அதாவது 11,000 கிலோமீட்டருக்கும் மேல். கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே தென் துருவமே 11,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான்! அண்டார்டிகாவைத் தாண்டியும் பாண்டிய நாடு நீண்டிருக்க வேண்டும். உரையாசிரியரைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. தமக்கு மரபாக வந்ததை அவர் பதிவு செய்தார். நாம்தான் அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டோம்.

குளச்சலுக்குப் பக்கத்தில் குறும்பனை என்று ஒரு கடற்கரை ஊர் இன்றும் இருக்கிறது. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே ஓடும் பறளியாற்றைத்தான் பஃறுளி என்று சொல்பவர்களும் உண்டு. பெயர்கள் ஒத்து ஒலிக்கின்றன, மனத்துக்கும் பிடிக்கிறது. ஆனால் பறளியாறு இன்றும் ஓடுகிறது. அதுதான் பஃறுளி என்றால் கடல் அதைக் கொள்ளவில்லை என்றாகிவிடும். இரண்டையும் ஒரே சமயத்தில் வாதிட முடியாது.

குமரிக்கண்டம் என்ற பெயர் கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் வருகிறது. பரதனின் நாடு ஒன்பது கண்டங்களாகப் பிரிக்கப்பட்டபோது அவற்றில் ஒன்று அவன் மகள் குமரிக்குப் போனது. அங்கே அது மூழ்கிய நிலம் அல்ல. புண்ணிய நதிகளும் சிவத்தலங்களும் இருக்கிற, மக்கள் வாழ்கிற நிலம். கடல் கொண்ட நாட்டுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது இருபதாம் நூற்றாண்டு.

தேவாங்கிலிருந்து ஒரு கண்டம்

இரண்டாவது கதைக்கு நம் கடலோடு முதலில் தொடர்பே இல்லை. பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1864இல் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மடகாஸ்கரில் லெமூர் என்ற விலங்கு ஏராளம். அதற்கு உறவான தேவாங்கு இந்தியாவில் இருக்கிறது, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உண்டு. இடையில் இருப்பதோ பெருங்கடல். இவை எப்படி இரண்டு கரைக்கும் போயின? நடுவே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து, லெமூரின் பெயரால் அதை லெமூரியா என்றார். கண்டங்கள் நகரும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆகவே கடலுக்கு இருபுறமும் ஒரே மாதிரி உயிரினங்கள் கிடைத்தால் நடுவே நிலப்பாலம் இருந்தது என்று சொல்வதுதான் அப்போதைய நேர்மையான அறிவியல்.

மனிதனை அந்த நிலத்துக்குள் கொண்டுபோனவர் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். 1868இல் வெளிவந்த தம் நூலிலும் அதன் பிந்தைய பதிப்புகளிலும், மனித குலத்தின் தொட்டில் லெமூரியாவாக இருக்கலாம் என்றார். குரங்கிலிருந்து மனிதனுக்கு வரும் இடைப்பட்ட எலும்புகள் அப்போது கிடைத்திருக்கவில்லை. அவை கடலடியில் இருக்கின்றன என்பது அதற்கு வசதியான பதில். அவருடைய எண்ணங்களால் தூண்டப்பட்ட யூஜின் துபுவா என்ற டச்சு மருத்துவர் ஆசியாவுக்குக் கிளம்பி, 1891இல் ஜாவாவில் பழைய மனித எலும்புகளைக் கண்டெடுத்தார். ஊகம் தவறானாலும் தேடல் வீண்போகவில்லை.

மறைஞானம் சொன்ன மனித வரலாறு

1875இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி) 1882இல் சென்னை அடையாற்றுக்கு வந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் வெளியிட்ட நூலில், மனித குலம் ஏழு மூல இனங்களாக அடுத்தடுத்துத் தோன்றும் என்றார். மூன்றாவது இனம் லெமூரியர்கள், நான்காவது அட்லாண்டிஸ்காரர்கள், ஐந்தாவது ஆரியர்கள். லெமூரியர்களின் தொடக்கத் தலைமுறைகள் முட்டையிலிருந்து பிறந்தவை, ஆண் பெண் வேறுபாடு பிறகுதான் வந்தது என்றெல்லாம் அதில் வரும். ஆதாரமாக அவர் காட்டியது, வேறு யாரும் பார்த்திராத ஒரு பழஞ்சுவடி. 1904இல் அதே சபையைச் சேர்ந்த ஸ்காட் எலியட், லெமூரியர்கள் 12 அடிக்கு மேல் உயரம் என்று எழுதி வரைபடங்களும் போட்டார். இதன் பிறகு லெமூரியா ஓர் இடத்தில் நிற்கவில்லை. அமெரிக்காவில் அது பசிபிக் கடலுக்குப் போனது. கலிபோர்னியாவின் சாஸ்தா மலைக்குள் லெமூரியர்கள் இன்னும் வாழ்வதாக நம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே தமிழ் வாசகர் நின்று யோசிக்க வேண்டும். அந்த ஏழு இன ஏணியில் லெமூரியர் கீழ்ப்படி, ஆரியர் மேல்படி. லெமூரியரின் மிச்சம் என்று அதில் சுட்டப்படும் இன்றைய மக்கள் சீரழிந்தவர்கள் என்றே பேசப்படுகிறார்கள். தமிழன் பெருமைக்காக யாராவது அந்த நூல்களை மேற்கோள் காட்டினால், தமிழனைத் தாழ்த்தும் ஏணியைத்தான் அவர் கையில் எடுத்திருக்கிறார்.

மூன்றும் எப்போது பிணைந்தன?

ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது புரியும். 1885இல் சென்னை மாகாண நிர்வாகக் கையேட்டில் மக்ளீன் என்ற அதிகாரி, திராவிடரின் ஆதி நிலம் லெமூரியாவாக இருக்கலாம் என்ற பேச்சைச் சேர்த்தார். 1887இல் சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை அச்சிட்டார். 1892இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஏட்டுச்சுவடியில் கிடந்த "கொடுங்கடல் கொள்ள" என்ற வரி புத்தகமாகக் கைக்கு வந்த அதே சில ஆண்டுகளில், ஐரோப்பிய அறிஞர்கள் இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய கண்டம் ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் படித்த ஒருவருக்கு உடல் சிலிர்த்திருக்காதா? நம் புலவர்கள் சொன்னதை அறிவியல் இப்போது சொல்கிறது என்று தோன்றியது இயல்புதான். சமஸ்கிருதமே எல்லாவற்றுக்கும் மூலம் என்ற பேச்சு ஓங்கியிருந்த காலம் வேறு.

1903இல் பரிதிமாற் கலைஞர் தம் மொழி வரலாற்று நூலில் குமரிநாடு என்று எழுதினார். பிறகு கா. அப்பாத்துரையார் குமரிக்கண்டத்துக்கென்றே தனி நூல் எழுதினார். மனிதன் பிறந்ததும் முதல் மொழி பிறந்ததும் குமரிநாட்டில்தான் என்று தேவநேயப் பாவாணர் வாதிட்டார். இவர்களின் தமிழ்ப் பற்றிலும் உழைப்பிலும் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அவர்கள் நம்பிய நிலவியல் அன்றைக்குப் புத்தகங்களில் இருந்த நிலவியல். அது பிறகு மாறிவிட்டது. நாம்தான் மாறாமல் நிற்கிறோம்.

கடலுக்கு அடியில்

ஆல்பிரட் வெகனர் 1912இல் கண்டங்கள் நகர்கின்றன என்றார். 1960களில் கடலடி ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. இந்த மாவட்டத்து மலைகளில் இருக்கும் சார்னோக்கைட் போன்ற பாறைகளுக்கு இலங்கையிலும் மடகாஸ்கரிலும் உறவுப் பாறைகள் உண்டு. அப்போது மனிதன் இல்லை, லெமூரும் இல்லை. லெமூரின் முன்னோர்கள் பின்னால் ஆப்பிரிக்காவிலிருந்து கடலில் மிதந்து வந்த மரக்கூட்டங்களில் மடகாஸ்கர் போய்ச் சேர்ந்தன என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஸ்கிளேட்டரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அதற்கு மூழ்கிய கண்டம் தேவைப்படவில்லை.

ஒரு கண்டம் அப்படியே கீழே போய்விடாதா? போகாது. கண்டத்தின் பாறை, கடலடிப் பாறையைவிட அடர்த்தி குறைந்தது. கட்டுமரம் அலையில் சாயும், உடையும், ஆனால் கல்லைப்போல அடியில் போய் உட்காராது, கண்டமும் அப்படித்தான். குமரிக்குத் தெற்கே ஆழ்கடலின் அடித்தளம் எரிமலைக் குழம்பு உறைந்த கடற்பாறைதான்.

2013லும் 2017லும் மொரீசியஸ் தீவில் கிடைத்த ஜிர்கான் படிகங்களைப் பற்றிச் செய்தி வந்தபோது, குமரிக்கண்டம் கிடைத்துவிட்டது என்று பலர் பகிர்ந்தார்கள். ஜிர்கான் நமக்குப் புதியதல்ல, மணவாளக்குறிச்சித் தாதுமணலில் பிரித்தெடுக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. மொரீசியஸின் எரிமலைப் பாறைக்கு வயது ஒரு கோடி ஆண்டுகூட இல்லை. ஆனால் 2017இல் சொன்ன படிகங்கள் சிலவற்றுக்கு 300 கோடி ஆண்டு. ஆக, அடியில் பழைய கண்டத்தின் துண்டு ஒன்று புதைந்திருக்கிறது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது உடைந்து சிதறிய துண்டு அது. டைனோசர் காலத்து நிலம். அதில் பாண்டியனுக்கு இடமில்லை.

மனிதத் தோற்றத்தைப் பொறுத்தவரை, நம் மனித இனத்தின் (ஹோமோ சேப்பியன்ஸ்) மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் கிடைத்த சுமார் 3 லட்சம் ஆண்டுப் பழமை கொண்டவை. மரபணுக்களும் ஆப்பிரிக்காவையே காட்டுகின்றன. தமிழ்நாட்டுக்கும் ஒரு பெரும்பங்கு உண்டு, அதை நாம் போதுமான அளவு கொண்டாடுவதில்லை. 1863இல், அதாவது ஸ்கிளேட்டருக்கு ஓராண்டு முன்னால், ராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடாரியைக் கண்டெடுத்தார். பின்னாளில் அத்திரம்பாக்கத்தில் நடந்த அகழாய்வில் 15 லட்சம் ஆண்டுப் பழமையான கருவிகள் கிடைத்தன. நம் இனம் தோன்றுவதற்கு முன்பே வேறு மனித இனங்கள் இங்கே கல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சரி, அப்படியானால் பாட்டில் இருக்கும் நிலம்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். குமரி முனைக்குத் தெற்கேயும் பல பத்து கிலோமீட்டர் நிலம் வெளியே தெரிந்தது. இன்று அந்தப் பகுதியில்தான் வாட்ஜ் பேங்க் இருக்கிறது. 200 மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில், பார்களும் (கடலடிப் பாறைத் திட்டுகள்) மேடுகளும் நிறைந்த, சின்னமுட்டம் தொடங்கித் தூத்தூர் வரையிலான நம் மீனவர்கள் நன்றாக அறிந்த மீன்வளப் பரப்பு. பிறகு பனி உருகி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கடல் ஏறியது. சரிவு குறைந்த தரையில் கடல் ஒரு மீட்டர் உயர்ந்தால் கரை பல நூறு மீட்டர் உள்ளே வரும். ஒருவர் தம் வாழ்நாளிலேயே அதைக் கண்ணால் பார்த்திருக்க முடியும்.

அந்த நினைவு இத்தனை ஆயிரம் ஆண்டு தங்குமா? ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் கதைகளில் 7000 ஆண்டுகளுக்கு முந்தைய கடல் உயர்வு பதிந்திருக்கிறது என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போகாமலும் விளக்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமி குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மணக்குடிப் பாலமே பெயர்ந்து போனது. அப்படி ஒன்று பாண்டியர் காலத்தில் வந்திருந்தால் புலவர்கள் பாடாமல் இருந்திருப்பார்களா? சுனாமி இல்லாத ஆண்டிலும் கடலரிப்பு வீடுகளைத் தின்கிறது, அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டு ஊர்கள் போராடுகின்றன. மறுபக்கம், பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. கரை இரண்டு திசையிலும் நகர்கிறது. பரசுராமர் கதையும் பாண்டியன் கதையும் ஒரே கடலைப் பார்த்தவர்கள் சொன்னவை என்று நான் நினைப்பது இதனால்தான்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிய பயணக் குறிப்பு, குமரி என்ற முனையையும், அங்கே நீராட வருகிறவர்களையும், அங்கு நீராடியதாகச் சொல்லப்படும் தேவியையும் குறிப்பிடுகிறது. புறநானூற்றின் 67ஆம் பாட்டிலும் குமரியம் பெருந்துறை வருகிறது. ஆக, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக முனை பெரிய மாற்றமில்லாமல் இருக்கிறது. நிலம் போனது அதற்கு முன்னால்.

இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே டாகர் பேங்க் என்று ஒரு மீன்வளப் பரப்பு இருக்கிறது. 1931இல் வட கடலில் ஓர் இழுவைப் படகின் வலையில் மண்ணோடு சேர்ந்து, மான் கொம்பில் செதுக்கிய பழைய ஈட்டிமுனை ஒன்று வந்தது. பின்னாளில் எண்ணெய் நிறுவனங்கள் எடுத்த கடலடிப் பதிவுகளை வைத்து, சுமார் 8000 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய அந்த நிலத்தின் ஆறுகளையும் ஏரிகளையும் ஆய்வாளர்கள் வரைந்துவிட்டார்கள். நம் வாட்ஜ் பேங்கிலும் அப்படித் தேட வேண்டும். பழைய ஆற்றுத் தடம் எங்கே போகிறது, பழைய கரை எந்த ஆழத்தில் நிற்கிறது, வலையில் எப்போதாவது வித்தியாசமான கல்லோ எலும்போ வந்ததா என்று நம் மீனவர்களிடமிருந்தே கேட்கத் தொடங்கலாம். எந்தப் பார் எங்கே, எத்தனை பாகம் (மீனவர்களின் ஆழ அளவு) ஆழத்தில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.